இருப்பு

ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவனை
நாற்பதாயிரத்துக்கு வாங்கினார் மாங்கூழ் ஆலைக்காரர்.
பந்து பிடிப்பதற்கு அல்ல.
ராயக்கோட்டைக்காக நான் பிடிக்காமல் இருப்பதற்கு.

அப்படித்தான் காவேரிப்பட்டணத்தின் இடதுகால் நியாமத்தை,
பர்கூர் ஜவுளிக்கடை அணியின் முதுகெலும்பை.
பெஞ்சில் எட்டுப் பேர் ஆனோம்.
எல்லோருக்கும் முட்டிவரை வெள்ளைக் காலுறை,
துவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கிருஷ்ணகிரியில் அன்றைக்கு ஒன்பது பூஜ்யம்.
நான்காவது கோலுக்கு ஒரே ஒரு பையன் கைதட்டினான்.
ஆறாவதுக்குச் சுண்டல்காரர் அடுப்பை அணைத்தார்.
எங்கள் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து
நெடுஞ்சாலையில் போகும் கண்டெய்னர்களை எண்ணிக்கொண்டிருந்தான்.
இடைவேளையில் கேட்டேன்.
“நூத்திப் பதினாலு” என்றான்.

முதலாளிக்கே கொட்டாவி வந்தது.
ஓசூர் ஓட்டல் ஒன்றில் நாலு முதலாளிகள் கூடினார்கள்,
போன ஆனியில் தோத்தாபுரிக்கு ஒரே விலை பேசிய
அதே நாலு பேர், அதே மேஜை.
இனி தனி லீக்.
யாரும் கீழேயிருந்து ஏறி வர முடியாது,
யாரும் மேலேயிருந்து இறங்கவும் வேண்டாம்.
கோப்பைக்கு நாலு கைப்பிடி வைக்கச் சொன்னார்களாம்.

கூழ் டின்னைத் திறந்து பாருங்கள்.
எந்தத் தோட்டம், எந்தக் கிளை,
காற்றுக்கு விழுந்ததா, கல்லுக்கு விழுந்ததா,
நாக்குக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை போனேன்.
வேடிக்கை பார்க்கத்தான்;
வெளியில் பந்தைத் தொடக் கூடாதென்று ஒப்பந்தம்.
எதிரே கெலமங்கலம். மூன்றுக்கு மூன்று.
சரளைத் தரை. வலை இருக்க வேண்டிய இடத்தில்
லோடு கட்டும் கயிறு.
எஞ்சினை நிறுத்த மறந்த லாரி ஓட்டுநர் ஒருவர்
கேபின் மேல் ஏறி நின்றார், சரக்கு அழுகினால் அழுகட்டுமென்று.

என் இடத்தில் சென்னகேசவன். என் தோளுக்குத்தான் வருவான்.
அவன் விட்ட மூன்றில் இரண்டை
நான் தூக்கத்தில் பிடித்திருப்பேன்.
மூன்றாவதை?
தெரியவில்லை.
அந்தத் தெரியாமையில்தான் உள்ளங்கை வியர்த்தது,
பதினோரு ஆட்டமாய் வியர்க்காதது.

அப்போது யாரோ உதைத்த பந்து
கம்பத்துக்கு மேலே, வேலிக்கு மேலே,
நேராக என்னிடம்.
பிடித்துவிட்டேன்.
இந்த சீசனில் முதல் பந்து.
“எறிடா, நேரம் போவுது!”
இரண்டு அணியும் சேர்ந்து கத்துகிறது.
நான் இன்னும் எறியவில்லை.