மூடித் திருகு

புதுப்பேட்டையில் பிளக் ரெண்டு, நூற்றெண்பது.
தண்ணீர் பம்புக்கு ரப்பர் இறக்கை,
பழசுதான், எழுநூறு.
பிரேக் ஒயரின் ஒற்றை இழையால்
கார்புரேட்டர் ஜெட்டைக் குத்தியது
செலவில் வராது.
எல்லாம் செஞ்சியம்மா நோட்டில்,
சீட்டுக் கணக்குக்குக் கீழே.

ஆனாலும் ஊரூர் குப்பத்தில் கிளம்பினால்
உடைஞ்ச பாலம் சின்னதாகும் தூரம்தான்.
இருமும். அணையும்.
தினம் அதே இடம்,
டிராபிக் போலீஸ் கைகாட்டினாற்போல.
மச்சான் தேசப்பன் துடுப்பை எடுப்பான்.
பேசமாட்டான்.
திட்டினால்கூடத் தேவலை.

நேற்றும் அணைந்தது.
கயிற்றை இழுத்து இழுத்து
உள்ளங்கைத் தோல் போனது.
எண்ணெய் இருக்கிறதா பார்ப்போமென்று
டேங்க் மூடியைத் திறந்தேன்.
உஸ்ஸென்று
கடற்காற்றை உள்ளே இழுத்தது டேங்க்.

மூடியின் தலையில் மிளகளவு திருகு.
காற்று போக வழி.
வாங்கிய நாள்முதல்
இறுக்கியே வைத்திருந்தேன்,
சிந்தினால் காசாச்சே என்று.

ரெண்டாம் இழுப்பில் பிடித்தது.
பாலம் சின்னதாகி, புள்ளியாகி,
இல்லாமல் போனது.

"திருகு, அரைச்சுற்று" என்று
நோட்டில் எழுதச் சொன்னேன்.
தொகை எவ்வளவு என்கிறாள் செஞ்சி.

துடுப்பை மட்டும்
படகிலிருந்து இன்னும் இறக்கவில்லை
தேசப்பன்.