ஆறினதும் ஆறாததும்

கல்லடியில், பாலம் தெரிகிற மாடியறையில்
நாளொன்றுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு
நான் இரண்டு வாய்.

இங்கிரிட் வெண்பலகையில் எழுதுகிறாள்.
அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்ததாம்.
உடைத்துப் பார்த்தால் உள்ளே பலம் இருக்கிறதாம்.
ஒருவரைத் தேற்றுவது என்றால்
அவர் முதுகுக்குள் ஒரு தூண் நடுவதாம்.
பலம் என்றேன் தமிழில்.
இருபது பெண்கள் என்னையே பார்த்தார்கள்.
அவர்களுக்குப் போதவில்லை. எனக்கும்.

எங்கள் சொல்லுக்குள் தூண் இல்லை, என்று தொடங்கினேன்.
ஆறு என்றால் சூடு தணி.
காய்ச்சின பால் ஆறும், வெட்டின புண் ஆறும்,
அடுப்பால் இறக்கின சோறு ஆறும்.
பழந்தமிழில் ஆறு என்றால் வழியும்தான்.
தண்ணீருக்கும் எண்ணுக்கும் அதே ஒலி,
உறவா தற்செயலா, தெரியாது எனக்கு.
தெரியாததையும் சேர்த்து அவள் எழுதிக்கொண்டாள்.

"கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்க தம்பி"
பின்வரிசையில் சீனித்தங்கம்.
மெதுவாக என்று அர்த்தம்.
இந்தக் கரையில் அவசரமின்மைக்கும் அதுதான் பெயர்:
ஆறுதலா வாங்க, ஆறுதலாக் கதைப்பம்,
பஸ் போனால் போகட்டும்.
இதை எப்படி அங்கே கடத்துவது?
நேரம் கொடுத்தல், என்றேன்.
பாதிதான் போய்ச் சேர்ந்தது.

"நான் கல்லாறு," என்றாள் நேசமலர். எல்லோரும் சிரித்தார்கள்.
"கல்லு ஆற எத்தின வருசம் பிடிக்கும் எண்டு
அவவிட்டக் கேளுங்க."
சிரிப்பு நின்றது.
நான் கேட்கவில்லை.
அன்றைய கூலியில் என் முதல் திருட்டு அது.

பத்தரைக்குத் தேத்தண்ணி வந்தது, மீன்பணிசோடு.
உம்முசல்மா பேசிக்கொண்டிருந்தாள்.
காணாமல்போன நானாவைப் பற்றி அல்ல,
அவர் விட்டுப்போன சைக்கிளைப் பற்றி.
மாதம் ஒருதரம் கடைவரை உருட்டிப்போய்
இன்னும் காற்றடிப்பதைப் பற்றி.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
சீனித்தங்கம் மட்டும்
கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.
கால்கள் சீமெந்தில் கிறீச்சிட்டன.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பேசி முடித்துக் கோப்பையைத் தொட்டவள்
"ஆறிப்போச்சு" என்றாள்.
இங்கிரிட் நிமிர்ந்தாள். ஒலி பிடிபட்டுவிட்டது அவளுக்கு.
"ஆறுதல்?" என்றாள், முகமெல்லாம் வெளிச்சமாக.
இல்லை, தேநீர், என்றேன்.

"ஆறினது வேணாம் தம்பி"
உம்முசல்மா கோப்பையை நீட்டினாள்.
"சுடச்சுட ஒண்டு ஊத்தச் சொல்லுங்க."