முதல் கிழமை எரியும்

அக்கி காய்ந்து நாலு மாதம்.
இனி வடு மட்டும்தான் என்கிறது தோல்.
நரம்பு அதைக் கேட்கவில்லை.
ஃபேன் காற்றுப் பட்டாலும் விலா எரிகிறதென்று
நேசராணி
சட்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி
மறுகையால் சோறு போடுவாள்.

பாமசி றிஸ்மியா தந்த டியூபைத்
திருப்பிப் பார்த்தேன்.
உள்ளே இருப்பது கொச்சிக்காய்ச் சத்து.
களுவாஞ்சிகுடியில் இருபத்தாறு வருசமாய்
கொச்சிக்காய் அரைக்கிற மில்லுக்காரன் நான்.
கிலோக் கணக்கில் அரைத்துக் கொடுத்ததை
கிராம் கணக்கில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

"கையுறை போட்டுப் பூசுங்க.
நாளைக்கு மூணு தரம், விடாம.
முதல் கிழமை எரியும்.
எரியுதெண்டு நிப்பாட்டினா
எரிஞ்சது மட்டும்தான் மிச்சம்."

எரிந்தது.
மூன்றாம் இரவு டியூபை வளவுக்குள் எறிந்தாள்.
டோர்ச் அடித்துத் தேடி எடுத்து வந்தேன்.

மாரியில் வாவி முட்டினால்
முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்களே,
ஏறத்தாழ அப்படித்தானாம்.
நரம்பின் நுனியில் ஒரு வாய்,
சூடு பட்டால் திறப்பது.
கொச்சிக்காய் அதைப் பொய் சொல்லித் திறக்கிறது.
இல்லாத நெருப்புக்கு நரம்பு கத்துகிறது.
திரும்பத் திரும்பத் திறக்கத் திறக்க
உள்ளே தேங்கினதெல்லாம் வடிந்து
கத்த எதுவுமில்லாமல்
நுனி சுருங்கிப் பின்வாங்குகிறது.
பூசுவதை விட்டால்
மணல் மூடி வாவி மறுபடி நிரம்பலாம்.
அதையும் சொல்லித்தான் தந்தாள் றிஸ்மியா.

ஐந்தாம் கிழமை கையுறை முடிந்துவிட்டது.
வெறும் விரலால் பூசினேன்.
ஒன்றும் எரியவில்லை எனக்கு.

மில் என் கைக்கு
எப்போதோ பூசி முடித்துவிட்டது போல.
கொதிக்கிற தேத்தண்ணிக் கோப்பையை
நான் துணியில்லாமல் தூக்குவதை
வந்தவர்களிடமெல்லாம் பெருமையாய்ச் சொல்வாள்.
அக்கி போடுவதற்கு முதல் இரவு
அவள் நெற்றியைத் தொட்டு
"சூடில்லை, படு" என்றதும்
இதே கைதான்.

"கை பட்டது தெரியுதா?"
"தெரியுது" என்றாள். கொஞ்சம் யோசித்து,
"கை மட்டும்தான் தெரியுது."

நான் ஏதோ வியர்வை என்று
கண்ணைத் துடைத்தேன், அந்த விரலாலேயே.
கண்ணை இன்னும் யாரும் பழக்கவில்லை.
கிணற்றடிக்கு ஓடி
வாளி வாளியாய் அள்ளி ஊற்றித்
திரும்பிப் பார்த்தால்
படியில் நின்று
விலாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு
சிரிக்கிறாள்.