தலை போன ஏழு

ஆறு சதவீதம் என்றாள் டெனிஸ்.
பேருந்து நிறுத்தத்தில் விளம்பரமாய்ச் சிரிக்கும் அதே சிரிப்பு
என் சமையலறையிலும்.
அவள் போனபின் அளவுநாடாவை எடுத்தேன்.
ஆயிரத்து நானூறு சதுர அடியில் ஆறு சதவீதம்
எண்பத்து நான்கு.
ஏழுக்குப் பன்னிரண்டு.
அச்சாக அந்தப் பின்பக்க அறை,
கடைசி இரண்டு வருடம்
வென்டல் தலையணையோடு போய்ப் படுத்துக்கொண்டது.
அவன் இப்போது அரிசோனாவில்,
பாதிப் பணத்துக்குக் காத்திருக்கிறான்.
அந்த அறையை யாருக்கும் தரகாகத் தருவதில்லை
என்று முடிவு செய்தேன்.
காரணம் கேட்காதீர்கள்.

ஹார்டுவேர் கடையில் பலகை ஒன்பது டாலர்.
வீடு விற்பனைக்கு, உரிமையாளரே விற்கிறார் என்று
சிவப்பில் அச்சடித்துக் கீழே காலியிடம்.
மார்க்கரால் என் எண்ணை எழுதினேன்.
கடைசியில் ஒரு ஏழு.

டுலூத்தில் மே மாதம் என்பது
ஏரியிலிருந்து மேடேறி வரும் மூட்டம்,
அதற்குப் பின்னால் மழை.
மூன்று வாரம் போன் வாயே திறக்கவில்லை.
கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன்.
நிலவறையில் நீர் கசியும் மூலையை மறைத்துத்
துணிக்கூடையை வைத்தேன்,
எடுத்தேன்,
மறுபடி வைத்தேன்.
வீட்டைக் கட்டிப்பார் என்றவர்கள்
விற்றுப்பார் என்பதைச் சொல்லாமலே போய்விட்டார்கள்.
வெள்ளிக்கிழமைதோறும் டெனிஸின் கார்
என் வாசலில் மட்டும் மெதுவாகும்.

எதிர்வீட்டு ஆர்வோதான் சொன்னார்,
குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டே:
உன் ஆள் அருமையாகப் பேசுகிறார்,
விலைக்கு மட்டும் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார்,
என் மருமகன் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான்.

என் ஆளா?

பலகை முன்னால் போய் நின்றேன்.
அழியாத மை என்றுதான் போட்டிருந்தது.
ஏழின் தலையை மழை கொண்டுபோயிருந்தது.
தலை போன ஏழு
ஒன்று.

அந்த எண்ணை அழைத்தேன்.
வீடு விஷயமாக, என்றேன்.
ஆமாம், என்றது ஒரு வயதான குரல்,
தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு.
மூன்று படுக்கையறை.
காலை வெயில் முதலில் சமையலறைக்கு வரும்.
மாடிப்படியில் நாலாவது படி கொஞ்சம் முனகும்,
பழகிவிட்டால் யார் இறங்குவது என்று
படுத்தபடியே சொல்லிவிடலாம்.

எங்கள் வீட்டில் முனகுவது ஆறாவது.
மற்றதெல்லாம் சரி.

நிலவறையில் தண்ணீர் வருமா?

வராத நிலவறை இந்த ஊரில் எது?
ஏரி யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது?

மூன்று வாரமாய்க் கூடையை நகர்த்தி நகர்த்தி
நான் தேடிய பதில்.

பிறகு, யாராவது கேட்டுவிடுவார்களோ என்று
பயந்துகொண்டிருந்ததை நானே கேட்டேன்:
ஏன் விற்கிறீர்கள்?

தொலைக்காட்சி முழுதாக நின்றது.

இரண்டு பேருக்கு என்று வாங்கியது, என்றார்.
இப்போது கழுவுவதற்கு ஒரே ஒரு கோப்பை.
அதையும் கழுவாமல்
அப்படியே மறுபடி குடிக்கலாம் போலிருக்கிறது.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

விலைதானே? யோசித்துச் சொல்கிறேன்.
நாளைக்கும் கூப்பிடுங்கள்.
ஆறு மணிக்குமேல் இருப்பேன்.
எப்போதும் இருப்பேன்.

மறுநாளும் கூப்பிட்டேன். அதற்கடுத்த நாளும்.
சனிக்கிழமைதான் மார்க்கரை எடுத்துப்போய்
ஏழுக்குத் தலை வைத்தேன்.

ஆகஸ்டில் வாங்கியது ஒரு தாதி,
பாலத்துக்கு அந்தப்பக்கம் சுப்பீரியரிலிருந்து வந்தவள்.
நிலவறையில் கூடையை அவளே நகர்த்திப் பார்த்தாள்.
ஏரி யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது, என்றேன்.
சிரித்தாள்,
இரண்டாயிரம் டாலர் குறைத்தும் கேட்டாள்.

வக்கீல் அலுவலகத்தில் பதினொன்றாவது தாள்.
விற்பவர் தரப்பு முகவர் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
காலியாக விடலாம், ஒன்றும் ஆகாது என்றார்கள்.

பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.
எண் மட்டும் தெரியும்.