முழுப்பெயர்

கோர்ட்டில் எல்லாவற்றையும் பிரித்தபோது
என் பெயரையும் பிரித்துக்கொண்டார்கள்.
சத்துவாச்சாரியில் நான் சங்கு.
காட்பாடியில் மித்ரா.
முழுசாகச் சங்கமித்ரா என்று கூப்பிட்டால்
ஏதோ செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

இன்றைக்குச் செய்துதான் விட்டேன்.
பிசிக்ஸ் டியூஷனுக்குத் தந்த இரண்டாயிரத்தில்
கால்பந்து ஷூ வாங்கினேன்,
அடியில் குமிழ் வைத்தது.
ராணிப்பேட்டையில் நாளெல்லாம்
யாரோ வெளிநாட்டுக்காரன் காலுக்கு
மேல்தோல் தைத்துவிட்டு
கம்பெனி வேனில் வந்திறங்கிய அம்மா
அதைக் கையிலெடுத்து
முதலில் தையலைத்தான் பார்த்தாள்.
நகத்தால் நெம்பினாள்.
"மூணு மாசம் தாங்காது."
அப்புறம்தான் கத்தினாள்.

நானும் கத்தினேன்.
எப்போதும் கடைசியில் சொல்வதைச் சொன்னேன்:
"அப்பா வீட்டுக்குப் போறேன்."
அதற்குமேல் எங்கள் வீட்டில் சண்டை இல்லை.
அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.
அந்த முதுகைப் பார்க்காமலிருக்க
நான் குனிந்து
காலில் இருக்கிற செருப்பையே தேடுவேன்.

புது பஸ் ஸ்டாண்டில் மாறி
ஒன்றாம் நம்பரில் ஏறினேன்.
பாலாற்றுப் பாலத்தில் வண்டி நகரவில்லை.
ஏழு வருஷமாக வாராவாரம் தாண்டுகிறேன்,
கீழே தண்ணீர் போய்ப் பார்த்தது இரண்டே தடவை.
இரண்டு தடவையும் மடியில்
அழுக்குத்துணிப் பை.

சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம்
அப்பா பேட்டரிக் கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.
பரோட்டா வாங்கித் தந்தார்.
மாடிக்கு வந்ததும் ஷூவைப் பார்த்தார்.
விலை கேட்டார்.
"சங்கமித்ரா, வாங்குறதுக்கு முன்னாடி
ஒரு வார்த்தை கேட்டியா?"
சாயங்காலம் அம்மா சொன்ன அதே வாக்கியம்.
'ஒரு வார்த்தை'யில் அதே இடத்தில்
மூச்சு வாங்கினார்.
ஜட்ஜ் எதிரில்
கல்யாணத் தேதியைக்கூட ஆளுக்கொன்றாகச் சொன்னவர்கள்.

கனிஷ்காவுக்குப் போன் செய்தேன்.
குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள், பாத்ரூமிலிருந்து.
அவள் அப்பா அம்மா பிரியவில்லை.
ஒரே ரேஷன் கார்டு, ஒரே கட்டில்.
தீபாவளியிலிருந்து பேச்சு மட்டும் அவள் வழியாக.
"உங்கப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு."
"பசியில்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."
ஹாலுக்கும் சமையலறைக்கும் பதினோரு எட்டு,
எண்ணியிருக்கிறாள்.
இன்றைக்கு முடியாது என்று சொல்லிவிட்டாளாம்.
இரண்டு பேரும் அவளைத் திட்டினார்கள்,
தனித்தனியாக.

"கோச்சுக்கிட்டுப் போக
உனக்காச்சும் ஒரு பஸ் இருக்குடி."
நான் பதில் சொல்வதற்குள்
பால்கனியில் அப்பா ஆரம்பித்துவிட்டார்.
"வந்துட்டா. ம். சாப்ட்டா."
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
"நீ வளர்க்கிற லட்சணம்" என்றார்.
ஸ்பீக்கர் போடாமலே
ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா கேட்டாள்.
வாடகை, ஸ்கூல் பீஸ், போன வருஷக் காய்ச்சல்,
யார் லீவு போட்டது, யார் போடவில்லை,
நடுவில் என் பெயர்,
முழுசாக, இரண்டு குரலிலும்.

போனைப் பொத்தினேன்.
பொத்தி என்ன.
அந்தப் பக்கம் குழாய் நின்றிருந்தது.
"ஏய்" என்றாள் கனிஷ்கா, ரொம்ப மெதுவாக,
"ரெண்டு பேரும்
நேராவே பேசிக்கிறாங்கடி."

நாளை ஐந்தரைக்குப் பிராக்டிஸ்.
இங்கிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கென்று
அப்பாவிடம் கேட்க வேண்டும்.

இப்போது வேண்டாம்.
பேசிக்கொண்டிருக்கிறார்கள்.