நகலில் விழாத வரி

தக்கலையில் டயர் கடைக்கு மேலே ஒரு மாடி அறை.
இரண்டாம் சனிக்கிழமை. ஏழு பேர், ஆறு நாற்காலி.
நான் ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.
கதை மூன்றே பக்கம்.
எழுதியவர் பெயரை வழக்கம்போல்
மறைத்துத்தான் நகல் எடுத்திருந்தேன்.

குலசேகரம் பக்கம், ரப்பர்த் தோட்டத்து நடுவே ஒரு வீடு.
மழை. ஒருவன் வருகிறான்.
மடக்கிய குடையை நீட்டி
"இது உங்களுடையது" என்கிறான்.
"எங்களுடையது இல்லை" என்கிறாள் அவள்.
சாயா குடிக்கிறான், பாதி.
குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போகிறான்.
சாவு இல்லை, கல்யாணம் இல்லை.

"டிக்கெட் கிழிச்சாச்சு, வண்டி எடுக்கவே இல்லியே"
என்றார் ஜாண்றோஸ். முப்பது வருடம் நடத்துநர்.
சிவதாணு எழுந்து பலகையில்
ஏற்றம், உச்சம், இறக்கம் என்று கோடு இழுத்தார்.
அது ஜன்னலுக்கு வெளியே நின்ற
வேளிமலை மாதிரியே வந்தது.
கதையை அதன்மேல் ஏற்றிப் பார்த்தோம்,
அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

"சொல்லுறது யாரு?" மருந்துக் கடை ஆபிதா கேட்டாள்.
"அவளுக்க மனசுக்குள்ள ஒருதரம்கூட போகல்ல.
அவனுக்க மனசுலயும் இல்ல.
கதவுக்க பின்னால நிக்கிற ஆளு மாதிரி
கிளாசைப் பாக்குது, சுவரைப் பாக்குது."
அதற்குப் பிறகு எல்லாரும்
கொஞ்சம் மெதுவாகப் படித்தோம்.

"இதைக் குளச்சலுக்கு மாற்றினால் நிற்குமா?"
"குடையே நிக்காது ஓய், கடக்காத்துல."
சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து
பால்வெட்டும் ஞானசிகாமணி சொன்னார்:
"மழையன்னைக்கு வெட்டு கிடையாது.
அதுனாலதான் அவ வீட்டுல இருக்கா.
வெயிலடிச்சிருந்தா கதவு பூட்டிக் கெடக்கும்,
கதையும் இல்ல."
களம் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை.
சிவதாணு அதைப் பலகையில் எழுதி
அடிக்கோடு போட்டார்.

கரு என்ன என்றேன்.
"தனிமை" என்றார் ஜாண்றோஸ்.
போன மாதக் கதைக்கும் அதைத்தான் சொன்னார்.

முடிவில்தான் அரை மணி நேரம் போனது.
முடிக்காமல் முடித்த துணிச்சல்,
வாசகனுக்கு விட்ட வெளி,
சிவதாணுவுக்குக் குரல் தழுதழுத்தது.

அதுவரை ஏசுவடியாள் வாய் திறக்கவில்லை.
நட்டாலத்தில் அண்டி ஆபீசில் வேலை.
தோட்டு எண்ணெய் கறுப்பாக்கிய விரலை
இரண்டாம் பக்கத்தில் வைத்தாள்.
"இவனுக்க தோளுல வெள்ளம் சொட்டுதுன்னு
இங்க கெடக்கு.
கையில குடை இருக்கு. பின்ன ஏன் நனஞ்சான்?"

கீழே யாரோ டயரில் காற்று இறக்கினார்கள்.

"அவனுக்குள்ளது இல்லியே. அதான் பிடிக்கல்ல"
என்று சொல்லிவிட்டுத் தாளை மடக்கினாள்.
"எனக்கு எட்டரைக்கு மார்த்தாண்டம் பஸ்ஸு."

வீட்டுக்கு வந்து மூலப் பிரதியைப் பெட்டியில் வைக்கப்போனேன்.
மூன்றாம் பக்கத்தின் அடியில்
நகலெடுத்த இயந்திரம் விழுங்கிவிட்ட ஒரு வரி:

இரவில் அவள் குடையை விரித்தாள்;
மடிப்புக்குள் ஒரு துளி ஈரமில்லை.

கடைக்காரப் பையன் தாளை
அரை அங்குலம் தள்ளி வைத்திருக்கிறான்.
அந்த அரை அங்குலத்தைத்தான்
நாங்கள் வெளி என்று கொண்டாடியிருக்கிறோம்.
கைபேசியை எடுத்து சிவதாணுவின் எண்ணைத் தேடி
அப்படியே வைத்துவிட்டேன்.

அவள் பஸ் இதற்குள் அழகியமண்டபம் தாண்டியிருக்கும்.
வரியைப் பார்க்காமலேயே
வரிக்குள் இருந்ததை எடுத்துவிட்டாள்.

ஆனால் விளக்கை அணைத்த பிறகு
இன்னொன்று தோன்றியது.
எங்களுடையது இல்லை என்றவள்
எதற்காக அதை
ராத்திரியில் விரித்துப் பார்த்தாள்?

அடுத்த இரண்டாம் சனிக்கு
இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது.