பன்னிரண்டில் ஏழாவது

ஹாமில்டன், பார்ட்டன் தெரு, மாடி அறை.
லினோலியத்தில் கோடு மட்டும் வெட்டுகிறேன்.
சாய்ந்த கோடு, அதை அறுக்கும் கோடு,
நடுவே வெட்டாமல் விட்ட கட்டங்கள்.
வெட்டாததுதான் மையைப் பிடிக்கும்.

நீலத்தின் மேல் துருச்சிவப்பு ஏற்றும்போது
ஏழாவது தாள் மூன்று மில்லிமீட்டர் நழுவிவிட்டது.
கிழிக்கத்தான் எடுத்தேன்.

கீழ்வீட்டு தர்சிகா,
டயாலிசிஸ் நர்ஸ்,
சீருடையோடே ஏறி வந்தவள்
ஈரத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.
"என்னது இது?"
ஒன்றுமில்லை. கோலமில்லை, வலையில்லை.
வெறும் கோடு.

"இல்லையே.
ராத்திரி மூன்று மணிக்கு
கண் இப்படித்தான் இரண்டாகக் காட்டும்."

விலை கேட்டாள். சொல்லத் தெரியவில்லை.
ஓரத்தில் பென்சிலால் 7/12 என்று எழுதிக் கொடுத்தேன்.

எட்டாவதையும் நழுவவிட்டுப் பார்த்தேன்.
அது
நேராகவே விழுந்தது.